வாய் நமநமக்கும் நேரம்: மலையகத்தில் தின்பண்ட ஆசையைச் சமாளிப்பது

இலங்கை மலையகத்தில் அந்தி நாலரைக்குத் தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு இறங்கும்போது, தோட்டத்துக் கடை வாசலில் கால் தானாக நின்றுவிடும். கண்ணாடிப் பெட்டிக்குள் ரோல்ஸ், மீன் பனிஸ், பருப்பு வடை. மேலே கொக்கியில் மிக்சர் பக்கெட். ஒன்று தின்றால் இரண்டு கேட்கும். இரண்டு தின்றால் இனிப்பாக ஒரு தேத்தண்ணி கேட்கும். "வாயைக் கட்ட முடியல்ல" என்று கிளினிக்கில் சொல்கிறவர்களிடம் எந்த நேரத்தில் என்று கேட்டால், பெரும்பாலும் இந்த நேரத்தைத்தான் சொல்வார்கள்.

அவர்களுடைய ஒரு நாளை மணிக்கணக்குப் போட்டு எழுதினால் காரணம் வெளியே வந்துவிடும். விடிய ஐந்தரைக்கு அவசரமாக ஒரு ரொட்டி, கொஞ்சம் சம்பல். பத்து மணிக்கு போத்தலில் கொண்டு போன இனிப்புத் தேத்தண்ணி. மத்தியானம் ஆறிப்போன ரொட்டி இரண்டு, மறுபடி தேத்தண்ணி. அதன் பிறகு நாலரை வரை ஏற்றம், இறக்கம், தலையில் பாரம். ஹட்டன் டவுனில் கந்தோர் வேலை செய்கிறவருக்கும், பாடசாலையில் படிப்பிக்கிறவருக்கும் கணக்கு இதே மாதிரிதான். பாரம் மட்டும் இல்லை. நாலரைக்கு வரும் ஆசையை நாலரைக்கு நின்று அடக்கப் பார்ப்பது வீண் வேலை. அதற்கான ஏற்பாடு காலையிலும் மத்தியானத்திலும் நடக்க வேண்டும். மிச்சம் இருப்பதை மட்டும் அந்தியில் சமாளித்தால் போதும்.

பசியையும் ஆசையையும் பிரித்துப் பார்க்க ஒரு சின்ன வழி உண்டு. "இப்போது சோறும் பருப்பும் தந்தால் தின்பேனா?" என்று கேட்டுப் பாருங்கள். ஆம் என்றால் அது பசி, போய்ச் சாப்பிடுங்கள். சோறு வேண்டாம், வடைதான் வேண்டும் என்றால் அது ஆசை. ஆசை பொதுவாக கால் மணி, இருபது நிமிஷத்தில் ஏறி இறங்கும். அதற்குள் முகம் கால் கழுவி, உடுப்பு மாற்றி, அடுப்பில் தண்ணீர் வைத்து முடித்துவிடலாம். உட்கார்ந்து அதையே நினைத்துக்கொண்டிருந்தால் மட்டும் இறங்காது.

இன்னொரு கேள்வியும் உதவும்: நாக்கு உண்மையில் எதைக் கேட்கிறது? சூடா, உப்பா, மொறுமொறுப்பா, இனிப்பா, அல்லது யாரோடாவது உட்கார்ந்து பேசவா? ஆடி மாத மழையில் நுவரெலியாவிலும் மஸ்கெலியாவிலும் வடைக்கு இருக்கும் மவுசில் பாதி சூட்டுக்காகத்தான். நனைந்து, விரல் விறைத்து வந்தவருக்கு முதலில் ஒரு கோப்பை மிளகு ரசமோ, பருப்பு சூப்போ கொடுத்துப் பாருங்கள். அதன் பிறகும் வடை கேட்டால் ஒன்று போதும் என்பார். சூப்புக்குப் பெரிய வேலை இல்லை: ஒரு சின்னக் கரட், அரை லீக்ஸ், மைசூர் பருப்பு இரண்டு மேசைக்கரண்டி, தண்ணீர் இரண்டு கோப்பை, மிளகு, உப்பு. பருப்பு கரைந்தால் இறக்கிவிடலாம். மொறுமொறுப்புத்தான் வேண்டும் என்றால் தோலோடு வறுத்த கச்சான் (நிலக்கடலை). உடைத்து உடைத்துத் தின்ன வேண்டியிருப்பதால் கை மெதுவாகும். உரித்த கச்சான் என்றால் உள்ளங்கை அளவு, சுமார் 30 கிராம். அதிலேயே 170 கலோரி இருக்கிறது. பக்கெட்டோடு மடியில் வைத்துக்கொண்டால் அந்த அளவு நிற்காது. கையில் எடுத்துக்கொண்டு பக்கெட்டை உள்ளே வைத்துவிட வேண்டும்.

காலை ரொட்டி

மலையகத்துக் காலையும் மத்தியானமும் கோதுமை மா ரொட்டியில் ஓடுகிறது. அதை நிறுத்து என்று சொல்பவருக்கு விடியக் காலையில் அடுப்படி எப்படி இருக்கும் என்று தெரியாது. ரொட்டி இருக்கட்டும். அதற்குள் போவதையும், பக்கத்தில் வருவதையும் மாற்றலாம். வெள்ளைக் கோதுமை மா சீக்கிரம் செரித்துவிடும், நார் குறைவு. பக்கத்தில் கட்டைச் சம்பல் மட்டும் இருந்தால் உப்பும் உறைப்பும் கிடைக்கும், வயிறு நிற்காது.

நாலு ரொட்டிக்கு கோதுமை மா 150 கிராம், குரக்கன் (கேழ்வரகு) மா 100 கிராம், தேங்காய்ப்பூ 50 கிராம், உப்பு அரைத் தேக்கரண்டிக்குக் கொஞ்சம் குறைவாக, துருவிய கரட்டோ பொடியாக வெட்டிய லீக்ஸோ ஒரு கைப்பிடி. வெந்நீர் 150 மில்லிலீற்றர் அளவில் தேவைப்படும், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஊற்ற வேண்டும். குரக்கனில் கோதுமையின் பசைத்தன்மை இல்லை. பச்சைத் தண்ணீரில் குழைத்தால் தட்டும்போதே ஓரம் வெடிக்கும். வெந்நீரில் குழைத்து, ஈரத்துணி போட்டு இருபது நிமிஷம் விட்டால் மா தண்ணீரை இழுத்து இணங்கி வரும். குரக்கன் நல்லதென்று பாதிக்கு மேல் போட்டால் ரொட்டி மண்ணாங்கட்டி போலாகி, வீட்டில் ஒருவரும் தொடமாட்டார்கள். அடுத்த நாளிலிருந்து பழைய ரொட்டிதான்.

சுடும்போது வேறொரு சிக்கல் வரும். கோதுமை ரொட்டியில் பொன்னிறப் புள்ளியைப் பார்த்து வெந்ததை அறிந்துகொள்வோம். குரக்கன் ரொட்டி முதலிலேயே கறுப்பாக இருப்பதால் நிறத்தை நம்ப முடியாது. அரைச் சென்ரிமீற்றர் தடிப்புக்கு மேல் போகாமல் தட்டி, நடுத்தர நெருப்பில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம் விட்டு, விரல் நுனியால் நடுவில் அழுத்திப் பாருங்கள். குழி விழுந்து அப்படியே நின்றால் உள்ளே மா பச்சை. அழுத்தியது மேலே எழும்பி வந்தால் வெந்துவிட்டது. மத்தியானத்துக்குக் கட்டுவதை சுடச்சுட பொலித்தீனில் சுற்றினால் வியர்த்துக் கொழகொழத்துவிடும். கைச்சூட்டுக்கு ஆறவிட்டுத் துணியில் சுற்ற வேண்டும்.

ரொட்டிக்குப் பக்கத்தில் புரதம் ஒன்று கட்டாயம் வேண்டும், ஆசையைக் குறைப்பதில் இது நன்றாக வேலை செய்கிறது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். அவித்த மைசூர் பருப்பு அரைக் கோப்பையில் 8 அல்லது 9 கிராம். காய்ந்த நெத்தலி 15 கிராம், அதாவது ஒரு சின்னக் கைப்பிடி, அதற்குச் சமம். நெத்தலியில் உப்பு அதிகம். பத்து நிமிஷம் வெந்நீரில் ஊறவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, வெங்காயத்தோடு வதக்கலாம். அப்போது கறிக்குத் தனியாக உப்புப் போடத் தேவையில்லை. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உப்பின் அளவு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. சம்பல், கருவாடு, மாசி (உலர்த்திய சூரை மீன்), பக்கெட் நொறுக்குகள் நாலும் சேர்ந்த நாளில் அது மத்தியானத்துக்கு முன்பே முடிந்துவிடும். உப்பு கூடிய நாளில் தாகமும் கூடும், அந்தத் தாகத்துக்கு நம்மில் பலர் ஊற்றுவது சீனித் தேத்தண்ணி.

தேத்தண்ணியில் போகும் சீனி

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். மலையகத்தில் இனிப்பு ஆசையின் வேர் பெரும்பாலும் கேக்கிலோ டொபியிலோ இல்லை. தேத்தண்ணிக் கோப்பையில்தான் இருக்கிறது. மட்டம் தட்டிய ஒரு தேக்கரண்டி சீனி 4 கிராம். நாம் போடுவது மட்டமாக இருப்பதில்லை, கூம்பாக இருக்கும். அது 6 கிராமுக்குக் குறையாது. கோப்பைக்கு இரண்டு கரண்டி, நாளைக்கு ஆறு கோப்பை என்றால் 72 கிராம், ஏறக்குறைய 290 கலோரி. சீனி போன்ற சேர்த்த இனிப்புகள் ஒரு நாளைய கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே இருக்க வேண்டும் என்றும், இருபதில் ஒரு பங்குக்குள் வந்தால் இன்னும் நல்லது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது. 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அது 50 கிராம், 25 கிராம் என்று வரும். தேத்தண்ணி மட்டுமே அந்தப் பெரிய எல்லையைத் தாண்டிவிடுகிறது.

ஒரேயடியாக சீனியை நிறுத்தினால் நாலாம் நாள் பழைய அளவைவிட ஒரு கரண்டி கூடும். படிப்படியாக இறக்குவதுதான் நிலைக்கும். முதல் கிழமை கரண்டியின் எண்ணிக்கையைத் தொடவே வேண்டாம். கத்தி முதுகால் மட்டம் தட்டிப் போடுங்கள், அதிலேயே மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். நாக்கு பெரிதாகக் கண்டுபிடிக்காது. அதன் பிறகு ஏழு முதல் பத்து நாளுக்கு ஒரு முறை அரைக் கரண்டி குறைக்கலாம். இரண்டு ஒன்றரையாகி, ஒன்றாகி, அரையில் வந்து நிற்க ஒரு மாதமளவில் ஆகும், ஆகட்டும். நாக்கு பழக அந்தளவு காலம் தேவை. அந்தக் கட்டத்தில் பழைய தேத்தண்ணியைக் குடித்தால் சீனிப்பாகு மாதிரி இருக்கும்.

இந்த ஏற்பாடு கெட்டுப்போவது இரண்டு இடத்தில். ஒன்று கேத்தல். வீட்டுக்கே மொத்தமாகக் கேத்தலில் சீனி போட்டுக் கலக்கினால் யார் எவ்வளவு குடித்தார் என்ற கணக்கே இல்லை. சாயத்தை (சீனி, பால் சேராத தேத்தண்ணியை) வெறுமனே ஊற்றி, சீனி போத்தலைத் தனியாக வையுங்கள். மலைக்குக் கொண்டு போகும் போத்தலிலும் அப்படித்தான். இரண்டாவது, சாயத்தின் கடுமை. டஸ்ட் எனப்படும் பொடித் தேயிலைத் தூளை அடுப்பில் வைத்துக் கொதிக்கக் கொதிக்க விட்டால் துவர்ப்பும் கசப்பும் முழுவதும் இறங்கிவிடும், அதை அடக்கத்தான் இரண்டாம் கரண்டி சீனி போகிறது. 200 மில்லிலீற்றருக்கு மட்டம் தட்டிய ஒரு தேக்கரண்டித் தூள். கொதித்த தண்ணீரை ஊற்றி, மூடி, மூன்று நிமிஷத்தில் வடித்துவிடுங்கள். தட்டிய இஞ்சி, ஒரு துண்டு கறுவா, ஏலம் ஒன்று போட்டால் சீனி குறைந்தது தெரியாது. கொழுந்து பறிக்கிற ஊரிலேயே நல்ல தேத்தண்ணி ஊற்றத் தெரியாத வீடுகள் எத்தனையோ இருக்கின்றன.

பெரியவர்களிடம் இருந்த பழக்கம் ஒன்று இங்கே கை கொடுக்கும்: உள்ளங்கையில் சீனியை வைத்துக்கொண்டு, நாக்கு நுனியால் கொஞ்சம் தொட்டு, வெறும் சாயத்தை ஒரு மிடறு குடிப்பது. சீனி கோப்பையில் கரைந்து பரவாமல் நேராக நாக்கில் படுவதால், அரைக் கரண்டி ஒரு கோப்பைக்குத் தாராளமாகக் காணும். கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடிப்பதும் இதே கணக்குத்தான், சுண்டுவிரல் நகமளவுத் துண்டு போதும். கித்துள் பனையின் கருப்பட்டி உடம்புக்கு நல்லது, அது சீனியில் சேராது என்று நினைத்துப் பெரிய துண்டாகக் கடிப்பவர்கள் உண்டு. ருசி வேறு, உள்ளே இருப்பது பெரும்பாலும் சீனிதான். டின்பாலில் பாதிக்கு மேல் சீனி. ஒரு மேசைக்கரண்டி டின்பாலை ஊற்றிவிட்டு "நான் சீனி போடுறதில்ல" என்பது தன்னையே ஏமாற்றுவது.

கோப்பைகளின் எண்ணிக்கையை அதே நேரத்தில் குறைக்கப் போகாதீர்கள். தேத்தண்ணியில் உள்ள கஃபீன் திடீரென்று குறைந்தால் சில நாள் தலையிடிக்கும். அதை "சீனி இல்லாத குறை" என்று எண்ணி மறுபடி அள்ளிப் போடுவார்கள். முதலில் சீனி, கோப்பை பிறகு. இன்னொன்று: சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கும் தேத்தண்ணி, மரக்கறியிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுக்கவிடாமல் தடுக்கும். சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிப்பது நல்லது. சாப்பாட்டோடு ஒரு துண்டு கொய்யாவோ, தேசிக்காய்ப் புளியோ சேர்த்தால் இரும்பு கூடுதலாகச் சேரும். இது ஏன் முக்கியம் என்பது கீழே வரும்.

கடலையும் மலைக் குளிரும்

அந்திக்கு வடைக்குப் பதிலாக அவித்த கடலை (கொண்டைக்கடலை) என்று எல்லாரும் சொல்வார்கள், சொல்வது சுலபம். மலையில் கடலை அவிப்பது கொழும்பில் அவிப்பது மாதிரி இல்லை. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 100 பாகையில் கொதிப்பதில்லை, சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும். எவ்வளவு விறகு வைத்தாலும் திறந்த சட்டியில் அதற்கு மேல் சூடு ஏறாது. அதனால்தான் இரண்டு மணித்தியாலம் அவித்த கடலையும் பல்லில் கடுக்கென்று நிற்கிறது. விறகும் காஸும் முடிவதைப் பார்த்து அடுத்த முறை பக்கெட் மிக்சர் வாங்கிவிடுகிறார்கள். குற்றம் சமைப்பவரிடம் இல்லை.

குளிரில் ஊறுவதும் மெதுவாகத்தான். மார்கழி, தை மாதங்களில் பச்சைத் தண்ணீரில் எட்டு மணித்தியாலம் போட்ட கடலை நடுவில் காய்ந்தே இருக்கும். இரவு படுக்கப் போகுமுன் 250 கிராம் கடலையைக் கழுவி, நன்றாகக் கொதித்த தண்ணீர் ஒரு லீற்றரை அதன் மேல் ஊற்றி, உப்பு ஒரு தேக்கரண்டி போட்டு, மூடி, சாக்கால் சுற்றி அடுப்போரத்தில் வையுங்கள். உப்பு தோலை இளக்கும். காலையில் ஒன்றை நகத்தால் பிளந்து பாருங்கள். நடுவும் ஓரமும் ஒரே நிறமாக இருந்தால் சரி. நடுவில் வெள்ளைப் பொட்டு நின்றால் இன்னும் ஊற வேண்டும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் பிரஷர் குக்கரில் 20 முதல் 25 நிமிஷம். குக்கர் இல்லாத வீட்டில் கடலையை விட்டுவிட்டு பாசிப்பயறு, கௌபி என்று போவது புத்தி, அவை சீக்கிரம் அவியும். மைசூர் பருப்புக்கு ஊறவே தேவையில்லை.

தக்காளி, புளி, தேசிக்காய் எதுவானாலும் கடலை மெத்தென்று வெந்த பிறகுதான், முன்கூட்டிப் போட்டால் தோல் இறுகிவிடும். அப்பச்சோடா ஒரு சிட்டிகை போட்டால் சீக்கிரம் வேகும், ஆனால் பி1 விற்றமின் அழியும். வேறு வழியே இல்லாதபோது மட்டும் போடலாம். எவ்வளவு செய்தும் வேகாத கடலை நாள்பட்ட சரக்கு. கடைக்காரரிடம் சொல்லி வேறு மூட்டையிலிருந்து வாங்குங்கள்.

தாளிப்பில் தோற்பவர்களும் உண்டு. நாலு பேருக்குரிய கடலைக்கு எண்ணெய் இரண்டு தேக்கரண்டி, கடுகு, கறிவேப்பிலை, செத்தல் மிளகாய் மூன்று, ஒரு பெரிய வெங்காயம், தேங்காய்ப்பூ இரண்டு மேசைக்கரண்டி. இதற்கு மேல் எண்ணெயும் தேங்காயும் ஏறினால் கடைக் கடலையாகிவிடும். தாளிப்பு இல்லாத அவித்த கடலை 100 கிராமில் 160 கலோரி மட்டில் இருக்கும். பக்கெட் மிக்சர் அதே நிறையில் 500ஐ ஒட்டி வரும். வேலைக்குப் போகிறவர்கள் ஒரு கைப்பிடியைச் சின்ன டப்பாவில் கொண்டு போய், கடை வாசலுக்கு வரும் முன்பே, அந்தி நிறுவையின்போது நின்றபடியே தின்றுவிடுவது நல்லது. வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இல்லாவிட்டால் அவித்தது அன்றைக்கே முடிய வேண்டும். நம் குளிரை நம்பி மறுநாளைக்கு வைத்தது வழுவழுத்தால் கொட்டிவிடுங்கள்.

வடையை ஒரேயடியாக விலக்க வேண்டாம். பதுளை ரயிலில் கொப்பித் தாளில் சுற்றி வரும் வடையைத் தின்னாமல் எல்ல ஸ்டேசன் வரைக்கும் போக முடியாது, போகவும் வேண்டாம். என்றைக்கு, எத்தனை என்று முன்கூட்டியே தீர்மானித்து, வயிறு காலியாக இல்லாத நேரத்தில் தின்றால் ஒன்றிரண்டில் கை நிற்கும். பசியோடு வாங்கினால் நிற்காது.

கடையும் கொப்பியும்

வீட்டில் இருப்பது வாய்க்குப் போகும், இல்லாதது மழைக்குள் போய் வாங்கும் அளவுக்கு ஆசையாக இருப்பது அபூர்வம். ஆகவே தீர்மானம் எடுக்க வேண்டிய இடம் சம்பளத்தன்று கடை. கடன் கொப்பியில் எழுதிச் சாமான் எடுக்கும் வீடுகளில் பிள்ளைகள் போய் பிஸ்கட், டிப்பிடிப் என்று எழுதிவிட்டு வருவார்கள். கொப்பியில் தின்பண்டத்துக்கு ஒரு தனிப் பக்கம் போடச் சொல்லுங்கள். மாத முடிவில் அந்தப் பக்கத்தைக் கூட்டிப் பார்த்தாலே பாதி பேச்சு முடிந்துவிடும். அந்தக் காசுக்கு எத்தனை முட்டை என்று பிள்ளைகளையே கணக்குப் பார்க்க வைக்கலாம். பெரிய பக்கெட் மலிவு என்பது உண்மை. ஆனால் அது வீட்டில் இரண்டு நாள் தாங்காது. வாங்கினால் அன்றைக்கே சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி மேல் தட்டில் வையுங்கள். தீபாவளிப் பலகாரத்துக்கும் இதே முறைதான். முறுக்கு டின்னை மேசையில் திறந்து வைத்தால் போகிற வருகிற கையெல்லாம் உள்ளே போகும்.

இனிப்புப் பானங்களில் 2016ஆம் ஆண்டு முதல் இலங்கையில் நிறக் குறி இருக்கிறது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை மஞ்சள், 2க்குக் கீழே பச்சை. மஞ்சளைப் பார்த்து ஏமாறக்கூடாது. 100க்கு 10 கிராம் உள்ள பானத்துக்கும் மஞ்சள்தான். 400 மில்லிலீற்றர் போத்தலை முழுவதும் குடித்தால் 40 கிராம், மட்டம் தட்டிய பத்துக் கரண்டி. நிறத்தைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் உள்ள எண்ணையும் போத்தலின் அளவையும் பெருக்கிப் பாருங்கள்.

வெத்திலையால் பசியை அடக்குவது மலையில் பழைய வழக்கம். வாய் மரத்துப் போகும், சாப்பாடு தள்ளிப் போகும், பிறகு அந்தியில் இரட்டிப்பாகத் தின்ன வேண்டி வரும். அதைவிடப் பெரிய விஷயம், பாக்கு தனியாகவே வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும், புகையிலை சேர்ந்தால் இன்னும் மோசம். தின்பண்ட ஆசைக்கு வெத்திலையை மருந்தாக்க வேண்டாம். ஆண்களுக்கு இன்னொரு பொறி: சாராயத்தோடு வரும் பைட்ஸ். குடி பசியைக் கிளப்பும், அளவையும் மறக்க வைக்கும். டெவில்ட் கோழியை மட்டும் குறைக்கிறேன் என்பவர் கிளாஸைக் குறைக்காமல் அதில் வெல்வதில்லை.

தூக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரவு பதினொன்றுக்குப் படுத்து நாலுக்கு எழும்பினால், பசியைத் தூண்டும் ஹோர்மோன் கூடும், போதும் என்று சொல்லும் ஹோர்மோன் குறையும். மறுநாள் நாக்கு இனிப்பையும் பொரித்ததையும் தேடுவது அதனால்தான். நாடகம் பார்த்துக்கொண்டே கொறிப்பதை நிறுத்த முடியாதவர்கள் நாடகத்துக்கு முன்பு இராச்சாப்பாட்டை முடித்துப் பல் விளக்கிவிடலாம். பெண்களுக்கு மாதவிலக்குக்கு முந்திய கிழமையில் ஆசை கூடுவது இயல்பு. அந்த நாட்களில் புதுக் கட்டுப்பாடு எதையும் தொடங்காமல், இருப்பதைக் காப்பாற்றினால் போதும். ஒருநாள் அளவு மீறிவிட்டால் அடுத்த வேளையைப் பட்டினி போடாதீர்கள். பட்டினி அடுத்த ஆசைக்கு வழி வெட்டும். வழக்கமான நேரத்தில் வழக்கமான சாப்பாடு, அவ்வளவுதான்.

ஆசை என்று விடக்கூடாதவை

பச்சரிசி, சாம்பல், களிமண், சோக்கு, ஐஸ்கட்டி என்று தின்னத் தோன்றினால் அதை வேடிக்கையாகவோ மசக்கை என்றோ தள்ளிவிடக்கூடாது. இரத்தத்தில் இரும்புச்சத்து குறைந்திருப்பதன் அடையாளமாக அது இருக்கலாம். பிள்ளைத்தாய்ச்சிகளிடமும், மாதவிலக்கு அதிகம் போகும் பெண்களிடமும், வளரும் பிள்ளைகளிடமும் இது வரும். மூச்சு வாங்குதல், களைப்பு, கண் இமையின் உட்பக்கம் வெளிறுதல் சேர்ந்திருந்தால் தாமதிக்காமல் தோட்டத்து மருந்துக்கட்டில் (டிஸ்பென்சரியில்) அல்லது மிட்வைஃபிடம் சொல்லி ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும். பெரியவர்கள் சிரிப்பார்கள் என்ற வெட்கத்தில் மறைப்பவர்களே அதிகம், அதனால் வீட்டில் உள்ளவர்கள் மெதுவாகக் கேட்க வேண்டும். இரும்புக் குளிசை கிடைத்தால் அதைத் தேத்தண்ணியோடு விழுங்கக்கூடாது, காரணம் மேலே சொன்னதுதான்.

நீரிழிவுக்கு இன்சுலின் ஊசி போடுகிறவர்களுக்கும், கிளிக்லசைட், கிளிபென்கிளமைட் போன்ற குளிசை எடுப்பவர்களுக்கும் திடீரென்று வரும் கோரப் பசி வேறு சங்கதி. கை நடுங்கி, குளிரிலும் வியர்த்து, நெஞ்சு படபடத்து, எதையாவது தின்னத் தோன்றினால் இரத்தத்தில் சீனி இறங்குகிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த நேரத்தில் கட்டுப்பாடு பேசக்கூடாது. மட்டம் தட்டிய நாலு தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்க வேண்டும். பிஸ்கட், சொக்லட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சீனி இரத்தத்தில் ஏறுவதைத் தாமதிக்கும். பதினைந்து நிமிஷத்தில் குணம் தெரியாவிட்டால், அல்லது இரத்தச் சீனி பார்க்கும் மானியில் 70க்குக் (mg/dL) கீழேயே நின்றால், அதே அளவு இன்னொரு முறை. தெளிந்த பிறகு ரொட்டியோ சோறோ சாப்பிட வேண்டும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்.

ஏற்றத்தில் வேலை செய்கிறவர்கள் இந்த நாலு கரண்டி சீனியைச் சின்னப் பொலித்தீனில் முடிந்து, நனையாத இடத்தில், எப்போதும் கூட வைத்திருக்க வேண்டும். பக்கத்து நிரையில் பறிப்பவருக்கும் அது எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். தேத்தண்ணிச் சீனியைக் குறைக்கத் தொடங்கும் முன்பு இவர்கள் கிளினிக்கில் அதைச் சொல்லிவிடுவது அவசியம். எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள், எத்தனை கோப்பை, எத்தனை கரண்டி என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். சீனி குறைந்த பிறகும் மருந்து பழைய அளவிலேயே நின்றால் நாலரைக்கு முன்பே கால் தள்ளாடும், குளிசையின் அளவையோ நேரத்தையோ டொக்டர்தான் மாற்றித் தர வேண்டும்.